பத்தொன்பதுக்குப் பதினெட்டு

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று காலை பதினொரு மணி இருபது நிமிடத்துக்கு, முதலாண்டு அரசியல் அறிவியல் வகுப்பு, தலைக்கு மேல் இருக்கும் மின்விசிறியை நான்காம் எண்ணில் ஓடவிடுவது என்று தீர்மானித்தது. நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு அட்டை தூக்கி வாக்கெடுப்பு: நான்குக்குப் பச்சை, மூன்றுக்குச் சிவப்பு. நான்காம் எண்ணுக்குப் பத்தொன்பது. மூன்றாம் எண்ணுக்குப் பதினெட்டு. விடுப்பில் இருந்தவர் ஒருவர். தீர்மானத்தைத் தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அறுபது நாள் கழித்துத்தான் மறுபரிசீலனை. அதுவரை என்னால்கூட மாற்ற முடியாது. அப்படி ஒரு விதியை நானே எழுதியிருக்கிறேன்.

கடைசி வாக்கு வரைக்கும் பதினெட்டுக்குப் பதினெட்டு. முதல் பெஞ்சில் ரேடியோ என்று ஒரு மாணவி. செய்திகளை நேரம் தவறாமல் சொல்வதால் அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அவள் இரண்டு அட்டைகளையும் கையில் வைத்து நிதானமாக யோசித்துவிட்டுப் பச்சையைத் தூக்கினாள். வகுப்பே எழுந்து கத்தியது. நான்கில் விசிறி கடகடவென்று கொஞ்சம் சத்தம் போடும். "ஜனநாயகம்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

இதையெல்லாம் உங்களிடம் நேரில் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் ஏழு மணி நேர ரயில் தூரத்தில், இதே நிர்வாகத்தின் இன்னொரு கல்லூரிக்கு இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். ஏப்ரல் துறைக் கூட்டத்தில் உங்கள் பாட நோட்டைப் பற்றி நான் சொன்னது தவறு என்று அக்கா தினமும் சொல்கிறாள். "இந்த நோட்டுக்கு இருபத்தாறு வயசு, எழுதிக்கிறவங்களுக்குப் பதினெட்டு, நோட்டுக்குக் கல்யாணமே பண்ணி வைக்கலாம்" என்றுதான் சொன்னேன். மற்றவர்கள் சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை. சொன்னதற்கு வேண்டுமானால் பாதி பொறுப்பு.

தொலைபேசியை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் தபால்.

இப்படிக்கு,
சின்னவள்


ஜூலை 9

மதிப்புக்குரிய துறைத் தலைவர் (பொறுப்பு) அவர்களுக்கு,

தங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றேன்.

தங்களுடன் பேசுவதில்லை என்பது என் முடிவு. எழுதுவதில்லை என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தால் முடிவு எந்த வகையிலும் தளரவில்லை என்பதைத் தங்கள் அக்காவுக்கும் தெரிவிக்கவும். நேற்றும் அவள் தொலைபேசியில், "ரெண்டு பேரும் அரசியல் படிச்சவங்க, பேச்சுவார்த்தைன்னா என்னன்னு தெரியல. நான் மருந்துக் கடையில நிக்கறவ, நான்தான் நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்றாள். நடுவில் நிற்கும்படி யாரும் அவளைக் கேட்கவில்லை.

மின்விசிறி விஷயம். அதை இருபத்தாறு வருஷமும் நான் மூன்றில்தான் வைத்திருந்தேன். ஒருவர்கூட எதிர்த்து வாக்களித்தது இல்லை. நான் யாரையும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். நாற்பது நிமிடத்தில் நான் 'இறையாண்மை' பாடத்தை முடித்து, 'அரசின் கூறுகள்' பாதி வரை சொல்லியிருப்பேன். தாங்கள் ஒரு காற்றாடியை ஓடவிட்டிருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

இங்கே வகுப்பு மிக ஒழுங்கு. நாற்பத்திரண்டு பேர். நான் சொல்கிறேன், அவர்கள் எழுதுகிறார்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும். கல்லூரிக்கு எதிரே மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஓர் இரும்புக் கட்டில், ஒரு காலுக்குக் காகிதம் மடித்து வைத்த மேஜை. பக்கத்து அறையில் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். குறையொன்றுமில்லை.

துறை அறையில் என் நாற்காலி மேல் இருந்த மெத்தையை அனுப்பி வைக்கவும். நாற்காலியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
முன்னாள் துறைத் தலைவர்


ஜூலை 22

அன்புள்ள அத்தானுக்கு,

மெத்தை தனிப் பார்சலில் வருகிறது. அதை எடுத்த பிறகுதான் நாற்காலியில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இத்தனை வருஷம் அதன் மேல் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை சொல்லாமல் துறையை நடத்தியிருக்கிறீர்கள். மரியாதை கூடியிருக்கிறது.

வகுப்பு பிரமாதம். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருக்கிறோம். யாரும் நிரந்தர முதல் பெஞ்ச் ஆகிவிடக் கூடாது என்பதால் வாரம் ஒருமுறை எல்லாரும் இடம் மாற வேண்டும். முதல்வர் கதவைத் திறந்து பார்த்து, "இது வகுப்பா, பஸ் ஸ்டாண்டா?" என்றார். கடைசியில் இருந்த ஒருவன், "பஸ் ஸ்டாண்டுதான் சார், ஆனா பஸ் கரெக்டா வருது" என்றான். முதல்வர் சிரிக்கவில்லை. பருவத் தேர்வு முடிவு வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் 'வளங்களின் பங்கீடு' பாடம். அறையில் ஆறே நாற்காலிகளை வைத்தேன். ஆட்கள் முப்பத்தெட்டு. விதியைக் கரும்பலகையில் எழுதினேன்: யாரும் வாய் திறக்கக் கூடாது, சைகையிலேயே யார் உட்காருவது என்று முடிவு செய்ய வேண்டும். முதல் ஐந்து நிமிடம் சர்வாதிகாரம். அடுத்த பத்து நிமிடம் கூட்டணி ஆட்சி. பிறகு ஒரு புரட்சி. ஒரு நாற்காலி உடைந்தது. இதை நீங்கள் மூன்று பக்கம் சொல்லித்தான் புரிய வைப்பீர்கள்.

ரேடியோ மட்டும் கலந்துகொள்ளவில்லை. கடைசி வரைக்கும் சுவரோரம் அமைதியாக நின்றாள். அணிசேரா நாடு மாதிரி. அவளுக்குக் கண் பார்வை கிடையாது, ஆனால் வகுப்பில் அவளைப் போலக் கேள்வி கேட்க ஆளில்லை. முதல் வாரம் என்னைத் திணறடித்துவிட்டாள். இப்போது கொஞ்ச நாளாக ஒன்றும் கேட்பதில்லை. சிந்தனை ஆழப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நிர்வாகத்தின் சம வாய்ப்புக் குழு அவளை முன்னிட்டு எங்கள் கதவில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. 'அனைவருக்குமான வகுப்பறை' என்று நீல எழுத்தில். அழகாக இருக்கிறது.

இப்படிக்கு,
சின்னவள்

பின்குறிப்பு: கடிதத்துக்குக் கடிதம் என்னை 'தாங்கள்' என்று எழுதிக் கொல்ல வேண்டாம்.


ஜூலை 30

துறைத் தலைவர் (பொறுப்பு) அவர்களுக்கு,

மெத்தை வந்தது. ஆணி விஷயம் எனக்குத் தெரியும். புகார் எழுதினால் நாற்காலியையே எடுத்துப் போய்விடுவார்கள். நிர்வாகவியலின் முதல் பாடம் அது.

ஒரு சிறு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அக்காவிடம் சொல்லப்போவதில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இந்த வகுப்பின் ஒழுங்கைப் பற்றிப் போன கடிதத்தில் சொன்னேன். திங்கட்கிழமை 'இறையாண்மை' சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்பக் கை வைத்தேன். நான் திருப்புவதற்கு அரை நொடி முன்னால் நாற்பத்திரண்டு பேரும் பக்கம் திருப்பினார்கள். தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு, உனக்குத் தெரியும், மன்னரும் சுங்கச்சாவடியும். நான் "ஒரு மன்னர்" என்றதுமே சிரித்துவிட்டார்கள். சுங்கச்சாவடி இன்னும் வரவே இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். எல்லார் முன்னாலும் என் நோட்டு. ஜெராக்ஸ். முப்பத்தோராம் பக்கத்தில் என் காபி டம்ளரின் வட்டம்கூட அப்படியே விழுந்திருந்தது. 'இங்கே சிரிக்கவும்' என்று ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருந்தேனே, அதுவும். "எங்கே கிடைச்சது?" என்றேன். "எதிர்க் கடையில சார். ஏழெட்டு வருஷமா இருக்கு. சீனியர்ஸ் எல்லாம் இதான் படிச்சாங்க. நீங்க எழுதினதா சார்? நாங்க பழைய புத்தகம்னு நினைச்சோம்."

ஆக, நான் இங்கே வருவதற்கு எட்டு வருஷம் முன்பே என் பாடங்கள் வந்து, நடந்து, தேர்வும் எழுதிவிட்டன. நான்தான் தாமதம். சரியாகச் சொல்வதானால், அந்த வகுப்பில் நான் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மறுநாளும் நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் வகுப்பு பற்றி ஒரே ஒரு சந்தேகம். பரிகாசம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தப் பெண் பச்சை அட்டை தூக்கினாள் என்று எழுதியிருந்தாய். பச்சை எது, சிவப்பு எது என்று அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

இங்ஙனம்,
முன்னாள்


ஆகஸ்ட் 11

அத்தான்,

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நேராக வகுப்புக்குப் போனேன். போகிற வழியெல்லாம், இதற்கு ஏதாவது பதில் இருக்கும், நான் ஏற்பாடு செய்து மறந்திருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். கதவருகிலேயே ரேடியோ நின்றிருந்தாள். கையில் ஒரு படிவம். பாட மாற்றத்துக்கானது. வரலாற்றுத் துறைக்குப் போகிறாளாம். என் கையெழுத்து வேண்டுமாம். கடைசி நாள் ஆகஸ்ட் 31.

அவளைத் துறை அறைக்குக் கூட்டிப் போனேன். ஆணி நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்மா வரலாறு?"

"வரலாறு மேடம் நோட்ஸ் சொல்றாங்க மேடம். கேட்டா புரியுது."

"என் வகுப்பு புரியலையா?"

"உங்க வகுப்பு நல்லாத்தான் இருக்கு மேடம். எல்லாரும் சிரிக்கறாங்க. எதுக்குன்னுதான் தெரியல."

நாற்காலி விளையாட்டைப் பற்றிக் கேட்டேன். ஆரம்பித்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லையாம். யாரும் பேசக் கூடாது என்பதுதானே விதி. "திடீர்னு எல்லாரும் அமைதியாயிட்டாங்க. நீங்க வெளிய போயிட்டீங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஏதோ உடைஞ்சுது. சுவர்கிட்ட நின்னா பத்திரம்னு நின்னேன்." நான் அணிசேரா நாடு என்று உங்களுக்கு எழுதினேன்.

வாரா வாரம் இடம் மாற்றுவதில் அவளுக்குக் கதவிலிருந்து எத்தனை அடி என்ற கணக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்விடுகிறது. வியாழக்கிழமை பிடிபடுமாம். மறுபடி திங்கள் வந்துவிடும்.

பிறகு அட்டையைக் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே அளவு மேடம். பக்கத்துல இருக்கறவ எதுன்னு சொல்லுவா. விசிறி ஓட்டு அன்னைக்கு அவ லீவு. ரொம்ப நேரம் தடவிப் பார்த்தேன். சரி, அம்பது அம்பதுன்னு ஒண்ணைத் தூக்கினேன். எல்லாரும் கத்தினாங்க. அப்பதான் தப்பானதைத் தூக்கிட்டேன்னு தெரிஞ்சுது."

"உனக்கு எது வேணும்?"

"மூணு மேடம். நாலுல வச்சா கடகடங்குது. அதுக்கு நேர் கீழதான் அன்னைக்கு என் இடம். வட்டத்துல எங்க போனாலும் உங்க குரல் பாதிதான் வருது."

விடுப்பில் இருந்த அந்த ஒருத்தி யார் என்று நான் ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும். ஐந்து வாரமாக அந்த விசிறி, அவள் போட்ட வாக்கினால், அவள் காதை அடைத்துக்கொண்டிருக்கிறது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பெரும்பான்மை முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

உடனே போய் விசிறியை நிறுத்தப் போகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்றாள். "எனக்காக நிறுத்தினீங்கன்னா எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க. பார்க்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க." தீர்மானத்தை மாற்ற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, முறைப்படியே மாறட்டும் என்றாள். அதற்குள் அவள் போய்விடுவாள். படிவத்தை என் டிராயரில் வைத்திருக்கிறேன். 31 வரை வைத்திருக்கச் சம்மதித்தாள்.

அத்தான், என் வகுப்பில் முப்பத்தேழு பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள். கதவில் 'அனைவருக்குமான' என்று பலகை தொங்குகிறது. அவள் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

உங்கள் நோட்டு எனக்கு வேண்டும். ஜெராக்ஸ் வேண்டாம். உங்கள் குரலில் வேண்டும். நோட்டுக்குக் கல்யாணம் என்று சொன்னதற்கு முழுப் பொறுப்பு.

சின்னவள்


ஆகஸ்ட் 18

சின்னவளுக்கு,

இத்துடன் ஒரு பென் டிரைவ். அதில் முதல் ஏழு பாடங்கள். உன்னுடன் பேசுவதில்லை என்ற முடிவு நீடிப்பதால் ஒவ்வொரு பாடத்தையும் "மாணவர்களே" என்றுதான் தொடங்கியிருக்கிறேன். நீ கேட்க நேர்ந்தால் அது தற்செயல்.

நான்கு நாள் மாலை நேரத்தில், ஜன்னலைச் சாத்தி, அதன் மேல் துண்டைப் போட்டுப் பதிவு செய்தேன். மூன்றாம் நாள் மீட்டர்காரர் கதவைத் தட்டினார்.

"சார், யார்கூட பேசிட்டிருக்கீங்க?"

"மாணவர்களோட."

உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க சார்?"

"வருவாங்க."

அதற்குப் பிறகு படிக்கட்டில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

அட்டைக்கு ஒரு யோசனை. பச்சை அட்டைகள் எல்லாவற்றிலும் ஒரு மூலையை வெட்டிவிடு. எல்லாருடையதிலும். அவளுடையதில் மட்டும் வெட்டி நிறுத்திவிடாதே.

ஏழாம் பாடத்தின் முதல் வரி: "பெரும்பான்மையின் முடிவு என்பது எல்லாருடைய முடிவும் ஆகாது." இருபத்தாறு வருஷம் சொல்லியிருக்கிறேன். நீ பதினோரு வருஷம் விடைத்தாளில் அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறாய். இரண்டு பேருமே அதைப் படிக்கவில்லை என்று தோன்றுகிறது. நான் உன் வகுப்பில் இருந்திருந்தால் அந்த விசிறி மூன்றில் ஓடியிருக்கும், அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவளை நான் கேட்டிருக்க மாட்டேன்.

அத்தான்


ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தானுக்கு,

கடைசியில் 'அத்தான்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சரி, பேச்சுவார்த்தை ஆரம்பம்" என்றாள்.

ரேடியோ ஏழு பாடங்களையும் மூன்று நாளில் கேட்டு முடித்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போகிறாள். மற்றவர்களும் விஷயம் தெரிந்து கேட்டார்கள். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் நீங்கள் வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில் ஒருவன், "மேடம், லீவு வேணும் கமா தலைவலி முற்றுப்புள்ளி" என்றான்.

நாற்காலி விளையாட்டை மறுபடி நடத்தினேன். இந்தத் தடவை எல்லாரும் பேசியே தீர வேண்டும், யார் எங்கே நகர்ந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சத்தத்தில் முதல்வர் ஓடி வந்தார். அவர் கதவைத் திறந்தபோது ரேடியோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மீதி ஐந்தையும் யார் யாருக்கு என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். போன தடவை மௌனமாகப் புரட்சி செய்தவர்கள் இந்தத் தடவை அவளிடம் வரிசையில் நின்றார்கள். முதல்வர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். இடம் மாற்றும் விதியும் திருத்தப்பட்டது: வேண்டுகிறவர் மாறலாம், வேண்டாதவர் இருக்கலாம்.

படிவம் இன்னும் என் டிராயரில் இருக்கிறது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு அவள் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். பென் டிரைவில் அவள் குரலிலேயே இருக்கிறது. எதற்கும் இங்கே எழுதிவிடுகிறேன்:

"வணக்கம் சார். ஏழு பாடத்துலயும் நீங்க ஒரே நிதானத்துல போறீங்க. அஞ்சாவது பாடத்துல, 'ஆளப்படுவோரின் ஒப்புதல்'னு ஒரு பத்தி வருது. அங்க மட்டும் தடதடன்னு ஓடிடறீங்க. நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் அப்படித்தான் இருக்கு. உங்களுக்கு அதுல நம்பிக்கை இல்லையா சார்?"

இப்படிக்கு,
சின்னவள்


ஆகஸ்ட் 27

சின்னவளுக்கு,

கேள்வியைக் கேட்டேன். நானும் என் பதிவை நான்கு தடவை போட்டுக் கேட்டேன். அவள் சொல்வது சரி.

ஒரு நாள் முழுக்க யோசித்ததில் காரணம் கிடைத்தது. நம் கல்லூரியில் ஒரு வகுப்பு ஐம்பது நிமிடம். என் வேகத்துக்கு ஐந்தாம் பாடத்தின் அந்தப் பத்தி வரும்போது சரியாக மணி அடிக்கும். அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவேன். இப்படி இருபத்தாறு வருஷம். பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்றால், மணியே இல்லாத இந்த அறையில், ஜன்னலில் துண்டைப் போட்டுக்கொண்டு, கட்டில் முனையில் உட்கார்ந்தும் ஓடியிருக்கிறேன்.

ஆக, என்னிடம் படித்த அத்தனை பேருக்கும் இறையாண்மை நிதானமாகக் கிடைத்தது. வரிவிதிப்பு நிதானமாகக் கிடைத்தது. ஒப்புதலுக்கு மட்டும் நேரமில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த இருபத்தாறு வருஷத்தில் என்னை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. எழுதுகிற கைக்குக் கேள்வி கேட்க ஏது நேரம்? அதை நான் ஒழுங்கு என்று நினைத்தேன்.

நேற்று இங்கே என் வகுப்பில் நோட்டைத் திறக்கவில்லை. "எல்லார்கிட்டயும் ஜெராக்ஸ் இருக்கு. அஞ்சாம் பாடத்தை நீங்களே படிங்க. எது சரியில்லைன்னு தோணுதோ சொல்லுங்க" என்றேன். பத்து நிமிடம் படித்தார்கள். என் வாழ்க்கையின் மிக நீளமான பத்து நிமிடம் அது. பிறகு ஒருத்தி எழுந்து, "சார், அந்த மன்னர் ஜோக் நல்லாவே இல்ல சார்" என்றாள். அதிலிருந்து தொடங்கி மணி அடிக்கும் வரை நிற்கவில்லை. மணி அடித்தும் நிற்கவில்லை.

அவள் கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுதினால் யாராவது அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். அது சரியில்லை. திங்கட்கிழமை 31-ஆம் தேதி, பதினொரு மணிக்கு உன் வகுப்புக்குத் தொலைபேசி செய்கிறேன். எடுப்பது நீயாக இருந்தால் எதுவும் பேசாமல் மேஜை மேல் வைக்கவும்.

அத்தான்

பின்குறிப்பு: படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போட்டுக் கொடு. பிடித்து வைக்காதே. ஐந்தாம் பாடம்.


செப்டம்பர் 1

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று தொலைபேசியில் முதன்முதலாக உங்கள் குரலில் வந்தது, "அந்த ஃபேனை முதல்ல நிறுத்தும்மா, ஒண்ணும் கேக்கல" என்பது. நூற்று முப்பது நாளுக்குப் பிறகு என்னிடம் நீங்கள் பேசிய முதல் வாக்கியம் அது. அது என்னிடம் சொன்னதில்லை, பொதுவாகச் சொன்னது என்று அக்காவிடம் விளக்கம் கொடுத்தீர்களாம். போன் அப்போது என் கையில்தான் இருந்தது. தீர்மானம் அமலில் இருக்கும்போது விசிறியை நிறுத்தச் சொன்னது சட்ட விரோதம் என்று மாணவர்கள் சொன்னார்கள். நிறுத்தினோம். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் அந்தப் பத்தியைப் பன்னிரண்டு நிமிடம் சொன்னீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ரேடியோ உங்களை ஆறு தடவை மடக்கினாள். மணி அடித்தபோது நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். இங்கேயும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மாலை நாலரை மணிக்கு அவள் துறை அறைக்கு வந்தாள். படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். பேனாவையும் எடுத்து வைத்தேன். நீங்கள் சொன்னபடி பிடித்து வைக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுத் தரவா?" என்றேன்.

"போட்டே குடுங்க மேடம். நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குத் தேதி முடிஞ்சிடும்மா. ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க" என்றபடி கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

"தெரியும் மேடம்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும், நூற்றுப் பன்னிரண்டு அடி. ஐந்து மணி வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். மரத்தின் மறைவில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா, "நிம்மதியா தூங்கு, ஓட்டுப் போட்டாச்சு, இனி எண்ணிக்கைதான்" என்றாள்.

இன்று அறுபதாம் நாள். பத்தரைக்கு மறுபரிசீலனை. முப்பத்தெட்டு பேரும் வந்திருந்தார்கள். தேர்தல் அதிகாரியாக ரேடியோவைத் தேர்ந்தெடுத்தார்கள், போட்டியில்லாமல். எல்லாரும் அட்டையை ஒரு பெட்டியில் போட்டார்கள். அவளும் போட்டாள். பெட்டியைக் கவிழ்த்து, மூலை வெட்டியிருக்கிறதா என்று தடவித் தடவி அவளே பிரித்து அடுக்கினாள். எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள யாரிடமாவது ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து நீட்டினாள். பின்பக்கம் காலியாக இருந்தது.

மூன்றாம் எண்ணுக்கு இருபத்தொன்று. நான்காம் எண்ணுக்குப் பதினேழு.

மின்விசிறி மூன்றில் ஓடுகிறது.

சின்னவள்